ஊரிலிருந்து வருகிறவர்களை எங்கே கூட்டிப்போவது? சிங்கப்பூரின் அரும்பொருளகங்கள், ஓர் ஒப்பீடு

ஊரில் முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் வீட்டு வாட்ஸ்அப் அதிரத் தொடங்கிவிடும். அக்கா குடும்பம், சித்தப்பா மகன், மச்சானின் மச்சான் என்று யாராவது ஒருவர் டிக்கெட் போட்டிருப்பார். விலங்குத் தோட்டம், யுனிவர்சல், மெர்லயன் முன்னால் நின்று போட்டோ என்று மூன்று நாள் ஓடிவிடும். நான்காம் நாள் காலையில் காப்பியோடு சேர்ந்து கேள்வியும் வரும்: “அப்புறம், இன்னிக்கு எங்க?”

அந்த நான்காம் நாளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. “ஏதாவது மியூசியம் போகலாமே” என்று யோசிக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. எந்த மியூசியம் என்று கேட்டால்தான் சண்டை. பத்து வயதுப் பையனுக்கு டைனோசர் வேண்டும். நான்கு வயதுக்காரிக்கு ஓட இடம் வேண்டும். மூட்டுவலிக்கார அம்மாவுக்கு உட்கார நாற்காலி வேண்டும். மச்சானுக்கு வைஃபை வேண்டும். தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்குள் இத்தனை பேரையும் திருப்திப்படுத்த ஓர் இடம் கிடைக்காமலா போகும் என்று நானும் பல வருடம் நினைத்திருக்கிறேன். கிடைக்காது. யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்யவேண்டும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் பார்க்கவேண்டியது கால்கள். கூட்டத்திலேயே வலுவற்ற கால் யாருடையதோ, அவரால் எவ்வளவு நடக்க முடியுமோ அதுதான் அன்றைய பயணத்தின் அளவு. எம்ஆர்டியில் (மெட்ரோ ரயில்) இறங்கி எத்தனை நிமிடம் நடக்கவேண்டும், லிப்ட் உண்டா, சரிவு உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கையில் இருக்கும் அட்டை. இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். தேசிய மரபுடைமைக் கழகத்தின் அரும்பொருளகங்களில் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2013 மே மாதத்திலிருந்து இலவசம். அந்தப் பழக்கத்தில் “அங்கே ஃப்ரீதாம்மா” என்று சொல்லி அழைத்துப்போய், கவுன்டரில் நின்று ஆறு பேருக்கு வெளிநாட்டவர் கட்டணம் கட்டியவர்கள் என் நண்பர்களிலேயே நாலைந்து பேர். ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் கிடையாது. இங்கே பத்து வருடம் வரி கட்டியிருந்தாலும் கிடையாது. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் எண்களை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பொடிசுகளின் பொறுமை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை நான்கு வயதுக் குழந்தை இருபது நிமிடம் பார்க்கும். அதற்குமேல் அது பார்ப்பது தரையைத்தான்.

நான்காவது, வானிலை. வெளியே 32 டிகிரி, உள்ளே மார்கழி. கூடவே மதியத்தில் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும் மழை. உள்ளரங்கு என்றால் அம்மாவுக்குச் சால்வை, திறந்தவெளி என்றால் எல்லோருக்கும் குடை.

கடைசியாகச் சாப்பாடு. சைவம் சாப்பிடுகிற பெரியவர்கள் கூட வந்தால் இது கடைசி அல்ல, முதல்.

## போக்குவரத்தில் ஒளிந்திருக்கும் செலவு

1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் காரில் போனால் அதற்கேற்ற குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு இதில் விலக்கு உண்டு. கிராப் போன்ற செயலியில் வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. இரண்டு பொடிசுகளோடு நடைபாதையில் நிற்கும்போது ஓட்டுநர் “சாரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் அவர்மேல் தப்பில்லை. ஒன்று இருக்கையோடு வரும் கூடுதல் விலை வண்டி, அல்லது டாக்சி, இல்லையென்றால் எம்ஆர்டி. எம்ஆர்டியில் 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கட்டணமில்லை. ஆனால் உள்ளே எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அத்தை கைப்பையில் இருக்கும் முறுக்கைப் பற்றி அவரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

## இந்திய மரபுடைமை நிலையம்

தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவின் நடுவே, கேம்பல் லேனில் நிற்கிறது. 2015 மே மாதம் திறந்தது. வட இந்தியப் படிக்கிணறுகளை மனத்தில் வைத்து வடிவமைத்த நான்கு மாடிக் கட்டடம். மாலையில் விளக்கு ஏற்றியதும் கண்ணாடி முகப்புக்குள்ளிருந்து படிகள் மின்னும். உள்ளே நுழையாமல் அதைப் பார்த்தாலே பாதி வந்த மாதிரி.

உள்ளே பழங்காலத் தொடர்புகளில் ஆரம்பித்து, இங்கே வந்து சேர்ந்தவர்கள், அவர்கள் செய்த வேலைகள், சமூக அரசியல் விழிப்பு என்று கதை நகர்கிறது. 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் எல்லாம் வருவார்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு இந்தப் பகுதிகள் உண்மையிலேயே பிடிக்கின்றன. நேதாஜியைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு, அவர் நின்று பேசிய ஊரில் அதைப் பார்ப்பது வேறு மாதிரி.

எல்லோரும் நின்றுவிடும் இடம் ஒரு செட்டிநாட்டு வாசற்கதவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்கல்கள் கொண்டது. என் அம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, கடல் தாண்டி வந்து நம்ம ஊர்க் கதவையா பாக்கணும்?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது முதல் தேர்வாக இருக்க வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்து, தாத்தா எப்படி இங்கு வந்தார் என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்த இடம் அதிகம் கொடுக்கிறது. உறவினர்கள் வரும்போது காட்டலாம் என்று தள்ளிப்போடாமல், நம் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே அழைத்துப்போகலாம்.

சாப்பாட்டுக் கவலை அறவே இல்லாத ஒரே இடமும் இதுதான். 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் நடந்துபோகும் தூரத்தில். தேக்கா நிலையத்தில் உணவங்காடிகள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் அருகில்தான். அதனால் அம்மாவைப் பொறுத்தவரை மியூசியம் என்பது கோயிலுக்கும் தோசைக்கும் நடுவே ஏசியில் ஒரு மணி நேரம். மறைமுகச் செலவு ஒன்றே ஒன்று: வெளியே வந்ததும் நகைக்கடைகள். திங்கட்கிழமை விடுமுறை.

## ஆசிய நாகரிக அரும்பொருளகம்

இந்தப் பட்டியலில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்பு இருக்கிறது, கழித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், 1860களில் கட்டத் தொடங்கிய எம்ப்ரஸ் பிளேஸ் கட்டடத்தில் 2003 முதல் இயங்குகிறது. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டியிலிருந்து பழைய கேவனா பாலத்தைக் கடந்து வரலாம். வாரம் முழுவதும் திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை. மாலையில் ஆற்றங்கரைக்காற்று வாங்கிவிட்டு உள்ளே போகலாம் என்பதால் பெரியவர்களுக்கு வெயில் தொல்லை இல்லை.

உள்ளே போனால் நேராகச் சீனாவின் தாங் அரசர் காலக் கப்பல் சரக்குக்குப் போங்கள். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டெடுத்த கப்பல். ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து மேற்கே போகும் வழியில் மூழ்கியது. மேலே வந்தவை 60,000க்கும் அதிகமான பொருட்கள், பெரும்பாலும் பீங்கான் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் எழுதியிருக்கும் சீன ஆண்டைக் கணக்கிட்டால் கி.பி. 826 என்று வருகிறது. கிண்ணங்களைப் பெரிய ஜாடிகளுக்குள் சுற்றிச் சுற்றி அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். பாத்திரக்கடை மாதிரி வரிசையாக நிறைந்திருப்பதைப் பார்த்த என் மனைவியின் முதல் கேள்வி, “ஒன்னுகூட உடையலியா?” கப்பலுக்கு ஆணியே கிடையாது, பலகைகளைக் கயிறு போட்டுத் தைத்திருக்கிறார்கள். மெரினாவில் மசூலா படகுகளைப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார், அடுத்த கால் மணி நேரம் பேரனுக்குக் கயிறு திரிக்கும் பாடம் நடந்தது.

சோழர் செப்புத்திருமேனிகளும் இங்கே உண்டு. அதோடு ஒட்டிய ஒரு கதையையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அரியலூர் மாவட்டச் சிவன் கோயில் ஒன்றிலிருந்து திருடுபோன உமாபரமேஸ்வரி சிலை, நியூயார்க் வியாபாரி ஒருவர் வழியாக 2007இல் இந்த அரும்பொருளகத்துக்கு விலைக்கு வந்தது. உண்மை வெளிவந்த பிறகு, அதை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக 2015இல் அறிவித்தார்கள். ஒரு பொருள் எப்படி மியூசியத்துக்கு வருகிறது என்ற கேள்வியைப் பதின்ம வயதினரிடம் கிளப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் டல்ஹவுசி தூணை விட்டுவிடாதீர்கள். 1850இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு வந்துபோனதற்காக எழுப்பியது. ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்) ஆகியவற்றோடு தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். பார்க்கக் காசு வேண்டாம். உள்ளே இரண்டு மணி நேரம் பார்த்ததைவிட இந்தத் தூணைத்தான் அம்மா ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குறைகளையும் சொல்லவேண்டும். நான்கு வயதுக்காரிக்கு இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாம் கண்ணாடிக்குள். என் மகள் மரத்தரையில் காலணி எழுப்பும் சத்தத்தைத்தான் ரசித்தாள், காவலர் அதை ரசிக்கவில்லை. சுற்றியிருக்கும் ஆற்றங்கரை உணவகங்கள் விலை அதிகம், சைவமும் குறைவு.

## லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம்

பத்து வயதுப் பையன் இருந்தால் விவாதமே வேண்டாம், இதுதான். 2015 ஏப்ரலில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் திறந்தது. பிரின்ஸ், அப்பலோனியா, ட்விங்கி என்று மூன்று டைனோசர்கள். அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்தவை, சுமார் 15 கோடி ஆண்டுப் பழசு. பிரின்ஸின் நீளம் 27 மீட்டர், குட்டி ட்விங்கியே 12 மீட்டர். “குட்டியா?” என்று பிள்ளைகள் வாய்பிளக்கும் அந்த ஒரு கணத்துக்காகவே நான் மூன்று முறை போயிருக்கிறேன்.

மேலே ஓர் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. 2015 ஜூலையில் ஜூரோங் தீவருகே இறந்து மிதந்தது. நாட்டின் பொன்விழா ஆண்டு என்பதால் ‘ஜூபி லீ’ என்று பெயர் வைத்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர் யாராவது உங்களோடு இருந்தால் வேறொரு திமிங்கிலத்தை நினைத்துக்கொள்வார். பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் 1907 முதல் தொங்கிய பெரிய எலும்புக்கூடு 1974இல் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. அதைப் பற்றிய ஏக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது.

இது பல்கலைக்கழகத்துடையது, மரபுடைமைக் கழகத்துடையது அல்ல. அதனால் குடிமக்களும் டிக்கெட் வாங்கித்தான் ஆகவேண்டும், வெளிநாட்டவருக்கு இன்னும் அதிகம். பெரிய குடும்பமாகப் போனால் இந்தப் பட்டியலில் இதுதான் கையைக் கடிக்கும். கென்ட் ரிஜ் எம்ஆர்டியில் இறங்கினாலும் அப்புறம் பஸ் பிடிக்கவேண்டும். இடம் சிறியது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலங்கில் ஆர்வமில்லாத பெரியவர்கள் அதற்கு முன்பே பெஞ்சைத் தேடிப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை மூடல்.

என் யோசனை: எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பையனோடு ஒரே ஒரு பெரியவர் போகட்டும், மற்றவர்கள் தேக்காவில் முஸ்தபா கடையில் இருக்கட்டும்.

## சில்ட்ரன்ஸ் மியூசியம்

கோல்மன் தெருவில், முன்பு தபால்தலை அரும்பொருளகம் இருந்த கட்டடத்தில் 2023 டிசம்பரில் திறந்தது. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகவே செய்தது. பழைய துறைமுகம், தெருவியாபாரம் எல்லாம் தொட்டுத் திருகி விளையாடும்படி வைத்திருக்கிறார்கள். மூன்றிலிருந்து எட்டு வயது வரைக்கும் சொர்க்கம். பத்து வயதுக்காரர்கள் “இது பேபிங்களுக்கு” என்று முகத்தைச் சுளிக்கலாம்.

இங்கே பொறி முன்பதிவுதான். நேரப்பிரிவுப்படி உள்ளே விடுகிறார்கள். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் வாசலில் போய் நின்றால் ஏமாற்றமே மிஞ்சும். “நாளைக்குப் போலாம்” என்று திட்டமிடும் குடும்பத்துக்கு ஏற்ற இடமில்லை. இடம் கிடைக்காமல் திரும்பினாலும், பக்கத்திலேயே நூறு வருடத்துக்கு மேல் பழைய மத்திய தீயணைப்பு நிலையம் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும். அழுகையை நிறுத்த அது எங்களுக்கு ஒருமுறை உதவியிருக்கிறது.

## சிலோசோ கோட்டை

செந்தோசா தீவுக்கு எப்படியும் போகப்போகிறீர்கள் என்றால், அந்த நாளிலேயே இதைச் சேர்த்துவிடலாம். 1870களில் பிரிட்டிஷார் கட்டிய கடலோரக் கோட்டை, 2022இல் தேசிய நினைவுச்சின்னமானது. உள்ளே போகக் கட்டணமில்லை, யாருக்கும். ஊரிலிருந்து ஏழு பேர் வந்தாலும் சுழியம்தான். மின்தூக்கியில் பதினோரு மாடி உயரம் ஏறி, 181 மீட்டர் நீள நடைப்பாலத்தில் மரங்களுக்கு மேலே நடந்து கோட்டைக்குள் இறங்கலாம்.

பீரங்கிகள், சுரங்கவழிகள், 1942இல் பிரிட்டிஷார் சரணடைந்த காட்சியையும் 1945இல் ஜப்பானியர் சரணடைந்த காட்சியையும் காட்டும் மெழுகுப் பொம்மைகள். பீரங்கிகளெல்லாம் கடலைப் பார்த்தே நின்றதால்தான் சிங்கப்பூர் விழுந்தது என்று யாராவது மாமா சொல்வார். பல பீரங்கிகளைத் தரைப்பக்கம் திருப்ப முடிந்தது, சுட்டும் இருக்கிறார்கள். கப்பலைத் துளைக்கும் குண்டுகள் தரைப்படைக்கு எதிராக அவ்வளவாகப் பயன்படவில்லை, அதுதான் சிக்கல்.

இலவசம் என்பதற்காக ஏமாறவேண்டாம். செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஆளுக்கு 4 வெள்ளி (நடைபாதையில் நடந்து போனால் அதுவும் மிச்சம், தீவுக்குள் ஓடும் பஸ்ஸும் இலவசம்). சாப்பாடு, தண்ணீர் எல்லாம் செந்தோசா விலை. கோட்டைக்குள் சரிவுகளும் படிகளும் உண்டு. மூட்டுவலி இருப்பவரைப் பாலத்தோடு நிறுத்திவிடுங்கள். மழை வந்தால் ஒதுங்க இடம் தேடவேண்டும், இடி இடித்தால் பாலத்தை மூடிவிடுவார்கள்.

## ஹாவ் பார் வில்லா

டைகர் பாம் குடும்பத்தின் ஆவ் பூன் ஹாவ் 1937இல் கட்டிய தோட்டம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள். சிங்கப்பூரிலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியிலும் கோடாலித் தைலத்தோடு கூடவே போகுமே, அந்தப் புலிமார்க் தைலம்தான். தோட்டத்துக்குள் இலவசம், எம்ஆர்டி வாசலிலேயே. சீன நரகத்தின் பத்து நீதிமன்றங்களை இப்போது தனிக்கட்டணம் உள்ள பகுதிக்குள் வைத்திருக்கிறார்கள். கருடபுராணம் கேட்டு வளர்ந்த என் அத்தைக்கு அது மிகவும் பிடித்தது. “எண்ணெய்ச் சட்டி இங்கயும் இருக்கு பாரு” என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்று ராத்திரி மகள் விளக்கை அணைக்கவே விடவில்லை. சின்னப்பிள்ளைகள் இருந்தால் அந்தப் பகுதி வேண்டாம். தோட்டம் மேட்டில் இருக்கிறது, நிழல் குறைவு, வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

தேசிய அரும்பொருளகத்தை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். 1887இல் திறந்த கட்டடம், இன்றுவரை யாராலும் படிக்க முடியாத எழுத்துள்ள சிங்கப்பூர்க் கல்லின் துண்டு அதன் சேகரிப்பில்தான் இருக்கிறது. ஆனால் 2023இல் அங்கே பகுதி பகுதியாகப் புதுப்பிப்பு வேலை தொடங்கியது. எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

## ஒரே பார்வையில்

| இடம் | குடிமக்கள், நிரந்தரவாசிகள் | ஊரிலிருந்து வருபவர் | திங்கள் | மூட்டுவலிக்கு | பொடிசுக்கு |
|---|---|---|---|---|---|
| இந்திய மரபுடைமை நிலையம் | இலவசம் | கட்டணம் | மூடல் | நல்லது | சுமார் |
| ஆசிய நாகரிகம் | இலவசம் | கட்டணம் | திறப்பு | நல்லது | போரடிக்கும் |
| லீ கோங் சியான் | கட்டணம் | கூடுதல் கட்டணம் | மூடல் | பரவாயில்லை | நல்லது |
| சில்ட்ரன்ஸ் மியூசியம் | இலவசம், முன்பதிவு | கட்டணம், முன்பதிவு | மூடல் | பரவாயில்லை | மிக நல்லது |
| சிலோசோ கோட்டை | இலவசம் | இலவசம் | திறப்பு | பாலம் மட்டும் | நல்லது, ஓடலாம் |
| ஹாவ் பார் வில்லா | தோட்டம் இலவசம் | தோட்டம் இலவசம் | தோட்டம் மட்டும் | கடினம் | நரகம் தவிர |

ஒரே நாளில் இரண்டு இடம் போட்டால் இரண்டாவதில் யாரும் எதையும் பார்ப்பதில்லை, ஏசியில் உட்கார மட்டும்தான் போகிறார்கள். டிக்கெட் காசு அதற்கு அதிகம். பெரியவர்கள் மட்டும் என்றால் வெள்ளிக்கிழமை மாலை ஆற்றங்கரை. பொடிசுகள் அதிகமென்றால் முன்பதிவு செய்து கோல்மன் தெரு. திங்கட்கிழமை மாட்டிக்கொண்டால் ஆற்றங்கரை அல்லது சிலோசோ. விருந்தாளிகள் ஐந்து பேருக்கு மேல் என்றால், கணக்குப் பார்க்கிறவன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, நான் சிலோசோவுக்குத்தான் ஓட்டுப்போடுவேன்.

இந்த மே மாதம் அக்கா குடும்பம் ஆறு பேராக வருகிறது. அம்மாவும் கூட. அக்கா பிள்ளைகளை நான் கோட்டைக்கு அழைத்துப்போகிறேன், அம்மாவும் என் மனைவியும் தேக்காவுக்குப் போகிறார்கள். மச்சான் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை. புளிசாதம் யார் கட்டுவது என்பது முடிவாகிவிட்டது, நான்தான்.